கண்டிச்சீமைக்கு ஆள் அனுப்பிய வீடுகள்: திருச்சி நாட்டுப்புறத்தில் பருவகால இடப்பெயர்வு

தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த 1928இல், திருச்சி மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு வெளியூர்க் கூலிவேலை பழகிப்போயிருந்தது. 1830கள் தொட்டே அவை கண்டிச்சீமை என்று ஊரார் சொன்ன இலங்கை மலைநாட்டின் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பின. யார் போவது, யார் இருப்பது என்பதை அவ்வீடுகள் எதைக் கொண்டு முடிவுசெய்தன?

காப்பிப் பழம் பறிக்க ஆண்டில் சில மாதங்களுக்கே ஆள் தேவை. பறிப்பு முடிந்ததும் தை அறுவடைக்கு ஊர் திரும்பிவிடலாம். ஆகவே பெரும்பாலும் ஆண்களே போனார்கள். ஆடுமாடும் காடும் பெண்கள், முதியோர் பொறுப்பில் நின்றன. கடல் கடந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடக்க வேண்டும். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். இதையெல்லாம் அறிந்தும் வீடுகள் ஆள் அனுப்பின என்றால், உள்ளூர் நெருக்கடி அவ்வளவு கடுமை.

முடிவின் அச்சாணி, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி தந்த முன்பணம். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர் அல்லது உறவுக்காரர். அவர் கொடுத்த பணம் ஊர்க்கடனை அடைத்தது. அதைத் தோட்டத்துக் கூலியில் கழிக்க வேண்டும். முசிறி, பெரம்பலூர் வட்டாரத்து மானாவாரிக் குடும்பத்துக்கு இது மழை பொய்த்த ஆண்டைத் தாண்டும் வழி. ஸ்ரீரங்கம், லால்குடி வாய்க்கால் பாசனத்துப் பண்ணையாளின் நிலை வேறு. மிராசுதாரிடம் பட்ட கடன் அவரை நிலத்தோடு கட்டிவைத்திருந்தது. கண்டிச்சீமைக்குப் போவது ஒரு கடனிலிருந்து இன்னொரு கடனுக்கு மாறுவதுதான். ஆனாலும் பண்ணைக்காரரின் பிடியையும் சேரியின் இழிவையும் விட்டு விலகும் வாய்ப்பு அதில் இருந்தது. அந்த வாய்ப்பைப் பல ஆய்வுகள் குறைத்தே மதிப்பிடுகின்றன என்பது என் கருத்து.

1869இல் இலங்கைக் காப்பியில் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபதாண்டுக்குள் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுதும் கிள்ள வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். 1876–78 தாது வருடப் பஞ்சமும் இடையில் வந்து சேர்ந்தது. ஒருவரை அனுப்பிவிட்டு மற்றவர்கள் காத்திருந்த வழக்கம் தளர்ந்து, குடும்பமே கிளம்பத் தொடங்கியது. பருவகாலப் போக்குவரத்து நெடுங்காலக் குடியிருப்பாயிற்று.

பயணம் எளிதானது இதற்குப் பிறகுதான். 1904இல் அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் இணைப்பு திறந்தது. கடனோடு சேர்த்துத் தொழிலாளியைத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிந்தது.

பொன்மலை காட்டியது வேறொரு வழி: பக்கத்திலேயே வேலை, மாதச் சம்பளம். ஆனால் அதுவும் உறுதியான நிழலன்று. ஆட்குறைப்பையும் தொழில் தேர்வையும் எதிர்த்து 1928 ஜூலையில் ரயில்வே வேலைநிறுத்தம் வெடித்தது. ஆலைத் தொழிலாளியை நகரம் இழுக்கவில்லை, கிராமமே தள்ளுகிறது என்று 1931இல் அரச தொழிலாளர் ஆணையம் கண்டது. கண்டிச்சீமைக்குப் போனவர்களுக்கும் அது பொருந்தும்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடைசெய்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதியபோது, அவர்களில் மிகப்பலர் இங்குள்ள ஊர்களைக் கண்ணால் கண்டதே இல்லை.