பத்தொன்பது பேரின் எடை

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவனுக்குக் கவுன்சிலர் என்ற சொல்லே பழக்கமில்லை. தண்ணீர், தெருவிளக்கு, குப்பை எல்லாவற்றையும் பார்ப்பது நிறுவனத்தின் டவுன்ஷிப் நிர்வாகம்தான். ஓட்டு என்றால் எம்.எல்.ஏ. ஓட்டு, எம்.பி. ஓட்டு, அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, அந்த ஒரு ஆளால் நமக்கு என்னதான் செய்ய முடியும் என்ற கேள்வி சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. விடை தேடிப் போனால் எங்கள் பக்கத்தில் முதலில் எதிர்ப்படுகிற பெயர் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியார்.

1918 செப்டம்பர் 16 அன்று பிறந்தவர். வன்னியர்களுக்குப் படிப்பிலும் அரசு வேலையிலும் அதிகாரத்திலும் உரிய பங்கில்லை என்ற மனக்குறையிலிருந்து 1951இல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். வடார்க்காட்டுப் பக்கம் மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி. 1952 தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை, இந்த இரண்டு கட்சிகளையும் ஆதரித்தது.

முடிவு வந்தபோது கணக்கு சுவாரசியமாகிவிட்டது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடம். காங்கிரஸுக்கு 152தான், பெரும்பான்மைக்கு 36 குறைந்தது. உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீலுக்கு 6. நாடாளுமன்றத்துக்கும் உழைப்பாளர் கட்சியிலிருந்து 4 பேர் போனார்கள். ராஜாஜி மாணிக்கவேல் நாயக்கரை மந்திரியாக்கித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். படையாட்சியார் வெளியே இருந்தார். 1954இல் காமராஜர் முதல்வரானபோதுதான் அவருக்கும் மந்திரி பதவி வந்தது. உள்ளாட்சித் துறை. கட்சி காங்கிரஸில் கரைந்தது.

“அவரு மந்திரியானதும் ஊரே வெடி வெடிச்சுது தம்பி. கட்சி எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல” என்றார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். இதைத் துரோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். அதுவரை கோட்டைக்குள் நுழையாத ஒரு கூட்டத்துக்கு, நம்மாள் ஒருத்தர் கோப்பில் கையெழுத்துப் போடுகிறார் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த 19 ஒரே ஒரு தடவை செலவழிக்க முடிகிற காசு. அது செலவாகிவிட்டது.

அவர் மந்திரியாக இருந்தபோதே, 1956 நவம்பர் 14 அன்று, நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கிராமங்கள் நகர்ந்தன, வட்டம் வட்டமாக ஊர் எழுந்தது. உள்ளாட்சி மந்திரியின் சொந்த மாவட்டத்திலேயே, உள்ளாட்சித் தேர்தல் இல்லாத ஒரு ஊர்! இதற்கு அவர்மேல் பழி போட மாட்டேன். ஆலை நகரங்களின் அமைப்பு அப்படி. ஆனாலும் இந்த முரண் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1980இலும் 1984இலும் திண்டிவனத்திலிருந்து இந்திரா காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குப் போனார். 84இல் அந்தக் கட்சிக்கு 400க்கும் மேல் உறுப்பினர்கள். அதில் அவர் ஒருவர். ஒருவர் விலகினாலும் அரசு அசையாது. 1987 செப்டம்பர் 17 அன்று, அவருடைய 69ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரச் சாலை மறியலைத் தொடங்கியது. 21 பேர் உயிரிழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு வந்தது. அவர் 51இல் எழுப்பிய கோரிக்கைக்கு விடை, அவர் உட்கார்ந்திருந்த சபையிலிருந்து வரவில்லை, ரோட்டிலிருந்து வந்தது. எண்ணிக்கைக்கு ஒரு விலை உண்டு என்பதை அந்த ரோட்டுக்காரர்களுக்கு முதலில் காட்டியவரும் அவர்தான்.

1992இல் மறைந்தார். இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபம் இருக்கிறது, சட்டமன்றத்தில் படம் இருக்கிறது. நினைவுகூர்கிறவர்கள் மந்திரி பதவியைச் சொல்வார்கள், எம்.பி. பதவியைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 52க்கும் 54க்கும் நடுவிலான இரண்டு வருஷம். எந்தப் பதவியும் இல்லாமல் கையில் 19 பேரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வெளியே நின்ற காலம். ஆள்கிறவர்கள் அவரை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது அப்போதுதான்.