தாத்தா, தந்தை, மகன்: மெயின்பிரேம் வட்டுகளின் காப்புப் பிரதிக் கதை

கணினியின் வரலாற்றை எழுதுவோர் அதன் வேகத்தைப் பற்றியும் கொள்ளளவைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவர். இரவு வேளைகளில் வட்டிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி எழுதுவோர் அரிது. எனினும் வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் மறுநாட் காலை நம்பிக்கையோடு கதவைத் திறக்க முடிந்தமைக்கு அவர்களது உழைப்பு ஒரு முக்கிய காரணமாகும்.

இதில் ஒரு விநோதம் உண்டு. வட்டு வருவதற்கு முன்னர், 1950களில், காப்புப் பிரதி என்பது தனியானதொரு வேலையாக இருக்கவில்லை. அது தானாகவே கிடைத்தது. வாடிக்கையாளர் கணக்குகள் அனைத்தும் ஒரு காந்த நாடாவில் இருக்கும். அன்றைய கொடுக்கல் வாங்கல்கள் இன்னொரு நாடாவில் இருக்கும். கணினி இரண்டையும் வாசித்து மூன்றாவது நாடா ஒன்றில் புதிய கணக்கை எழுதும். பழைய நாடா தொடப்படாமல் அப்படியே எஞ்சும். புதியது பழுதானால் நேற்றையதை எடுத்து அதே வேலையை மீண்டும் ஓட்டலாம். இன்றைய நாடா மகன், நேற்றையது தந்தை, அதற்கு முந்தியது தாத்தா என்று மூன்று தலைமுறைகளைப் பேணுவது வழக்கமாயிற்று. உறவுமுறைப் பெயரிட்டதில் அமெரிக்கப் பொறியியலாளர் நம்மவர்க்குச் சளைத்தவரல்லர்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்ற இயந்திரத்தை அறிமுகம் செய்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனோல்ட் ஜோன்சன் தலைமையிலான குழு அதன் வட்டுத் தொகுதியை உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள். ஐம்பது இலட்சம் எழுத்துகள். ஒரு கணக்கைத் தேடி நாடா முழுவதையும் சுற்ற வேண்டிய தேவை ஒழிந்தது. ஆனால் வட்டில் புதிய தொகையை எழுதும்போது பழைய தொகை அதே இடத்திலேயே அழிந்துபோயிற்று. தந்தையும் தாத்தாவும் இல்லாத மகன் பிறந்தான். அன்றிலிருந்துதான் பிரதி எடுப்பது என்பது யாராவது ஒருவர் நினைவில் வைத்திருந்து செய்யவேண்டிய கடமையாயிற்று.

1962இல் வந்த 1311 என்ற கருவியில் வட்டடுக்கைக் கழற்றி எடுக்க முடிந்தது. சுமார் 10 இறாத்தல் நிறை. மேலே கைபிடியுள்ள மூடி. தொடர்ந்து 1964இல் சிஸ்டம்/360 குடும்பம் வெளிவந்தது. அதன் 2314 வகை வட்டடுக்கு ஒன்றில் 29 மெகாபைட் கொள்ளும். ஒவ்வோர் அடுக்குக்கும் 'வொலியூம்' என்று பெயர். ஆறு எழுத்திலான தொடரிலக்கம். உள்ளே ஒரு பொருளடக்க அட்டவணை. நூலகத்திலிருந்து கடன் வாங்கிய இந்தச் சொல் இன்றுவரை நிலைத்துவிட்டது.

வாசிக்கும் தலை வட்டின் மேற்பரப்பில் இருந்து ஒரு மில்லிமீற்றரின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் காற்றில் மிதக்கும். தூசு ஒன்று இடையில் அகப்பட்டால் தலை வட்டில் மோதிக் காந்தப் பூச்சைச் சுரண்டிவிடும். கழற்றக்கூடிய வட்டுகளின் காலத்து மிகக் கொடிய விபத்து இதற்கு அடுத்த கட்டத்தில் நிகழ்ந்தது. அடுக்கில்தான் கோளாறு என்று கருதிய இயக்குநர் அதைக் கழற்றி வேறொரு இயந்திரத்தில் பொருத்துவார். அதன் தலைகளும் சேதமாகும். பின்னர், காப்புப் பிரதி வட்டைக் கொண்டுவந்து முதல் இயந்திரத்தில் பொருத்துவார். ஏற்கனவே பழுதாகியிருந்த தலை அதையும் சுரண்டும். மூலமும் போயிற்று, பிரதியும் போயிற்று. பொறியியலாளர் வந்து பார்க்கும் வரை எதையும் மாற்றிப் பொருத்தலாகாது என்ற விதி இத்தகைய அனுபவங்களின் விளைவு.

ஆகவே, பிரதியை வேறு ஊடகத்தில் வைப்பதே உசிதம். ஓ.எஸ்./360 இயக்க முறைமையுடன் வந்த 'ஐ.இ.எச்.டி.ஏ.எஸ்.டி.ஆர்.' என்ற உச்சரிக்க இயலாத பெயருடைய நிரல் வட்டை நாடாவில் கொட்டவும் மீளச் சேர்க்கவும் உதவியது. வேகம் போதவில்லை. 1970களில் நியூ ஜேர்சியின் இனொவேஷன் டேட்டா புரொசெசிங் என்ற சிறு கம்பனி எப்.டி.ஆர். என்ற வேகமான நிரலை விற்று, ஐ.பி.எம்.மின் வாசலிலேயே கடை விரித்தது.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். 1975இல் அறிமுகமான 3350 வட்டில் 317 மெகாபைட் இருந்தது. அதைக் கழற்றவும் முடியாது. அக்காலத்தின் மிக அடர்த்தியான 2400 அடி நாடாச் சுருள் ஒன்றில் 180 மெகாபைட்டுக்கு மேல் எழுத முடியாது. ஆக, வட்டொன்றுக்குக் குறைந்தது இரண்டு சுருள்கள். ஐம்பது வட்டுகள் உள்ள நிலையத்தில் ஓர் இரவுக்கு நூறு சுருள்களை ஏற்றி இறக்க வேண்டும். விடிவதற்குள் முடிய வேண்டும். பிரதி எடுக்கும்போது கணக்கு மாறிக்கொண்டிருந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான உதவாத பிரதியே மிஞ்சும்.

இரவிலும் இயங்கும் பணப்பொறிகள் வந்தபின் அந்த இடைவேளையும் சுருங்கிற்று. 1990களில் இதற்கொரு சாமர்த்தியமான தீர்வு கிடைத்தது. ஸ்டோரேஜ்டெக்கின் 'ஸ்னாப்ஷொட்', பின்னர் ஐ.பி.எம்.மின் 'பிளாஷ்கொப்பி' ஆகியன வட்டை உடனே பிரதி செய்வதில்லை; தரவு எங்கே உள்ளது என்ற அட்டவணையை மாத்திரம் கணப்பொழுதில் உறையவைத்து, உள்ளடக்கத்தைப் பிறகு ஆறுதலாக எடுத்துக்கொள்கின்றன.

ஆனால் பிரதி எங்கே இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. 1959 யூலை 2ஆம் திகதி பென்டகனில் விமானப்படையின் கணினிப் பகுதி தீப்பற்றியபோது, ஆயிரக்கணக்கான நாடாக்கள் கணினிகளோடு சேர்ந்தே எரிந்தன. நாடாக்களை வேறிடத்தில் வைக்கும் வழக்கம் பிற்பாடு வலுப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் ஈ.எம்.சி.யும் ஐ.பி.எம்.மும், எழுதப்படும் ஒவ்வொன்றையும் தொலைவிலுள்ள இன்னொரு வட்டிலும் உடனுக்குடன் எழுதும் முறையைக் கொண்டுவந்தன. எனினும் தவறுதலாக அழித்தால் அந்த அழிவும் அதே கணத்தில் அங்கே பிரதியாகிவிடும். நாடா இன்றும் ஓய்வுபெறாமைக்கு இது ஒரு காரணம்.

2001 செப்டெம்பர் 11இல் உலக வர்த்தக மையத்தில் 658 ஊழியர்களை இழந்த கன்ரர் பிற்ஸ்ஜெரால்ட் நிறுவனத்துக்கு நியூ ஜேர்சியில் இரண்டாவது கணினி நிலையம் இருந்தது. அது மெயின்பிரேம் கதையன்று. ஆயினும் இங்கு சொல்லத்தக்கது. தரவு பிழைத்தது. பல கடவுச்சொற்கள் மாத்திரம் மாண்டவர்களின் மனங்களிலேயே இருந்தன. எஞ்சியோர் குடும்பத்தினரிடம் திருமண நாளையும் செல்லப்பெயர்களையும் கேட்டு அவற்றை ஊகித்தனர். இரண்டே நாளில், 13ஆம் திகதி, கடன்பத்திரச் சந்தை திறந்தபோது நிறுவனம் மீண்டும் இயங்கியது.

சுழலும் அந்தப் பெரிய வட்டுகள் இன்று இல்லை. 1989இல் வந்த 3390 அவ்வரிசையில் இறுதியானது. ஆனால் மெயின்பிரேமின் இயக்க முறைமை இன்றும் அதைத்தான் காண்கிறது: தடமொன்றுக்கு 56,664 பைட், சிலிண்டர் ஒன்றுக்கு 15 தடம். பின்னால் இருப்பது அசையாத சில்லுகள். அவை 3390ஆக நடிக்க, பிரதி எடுக்கும் நிரல் இல்லாத சிலிண்டர்களை இன்னமும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறது.