ஆரணி ஜாகீரும் காட்டோர மாளிகையும்

ஆரணி என்றதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருவது பட்டுச் சேலையே. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த அவ்வூரின் நெசவுத் தெருக்களில் காலை வேளையில் நடந்து சென்றால், வீட்டுக்கு வீடு தறியோசை எழுவதைக் கேட்கலாம். ஆயினும் இன்று நான் பேசப் புகுவது பட்டைப் பற்றி அன்று. அவ்வூரைத் தலைமை இடமாகக் கொண்டு ஏறத்தாழ 300 ஆண்டுகள் நிலவிய ஒரு ஜாகீரையும், அதன் தலைவர் ஒருவர் எழுப்பிய மாளிகையையும் பற்றியே சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

ஜாகீர் என்பது, தமக்குத் தொண்டு புரிந்த ஒருவருக்கு ஒரு நிலப்பகுதியின் வரி வருவாயை அரசர் விட்டுக் கொடுப்பதாகும். பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர்ச் சுல்தானின் படைத்தலைவராகத் தெற்கே வந்தவர் ஷாஜி போன்ஸ்லே. சத்ரபதி சிவாஜியின் தந்தையார் அவர். அவருடைய நம்பிக்கைக்கு உரியவராய் விளங்கிய வேதாஜி பாஸ்கர பந்த் என்னும் மராட்டிய அந்தணர் வசம் ஆரணி வந்து சேர்ந்தது. 1677-ஆம் ஆண்டு சிவாஜி பெரும்படையுடன் இந்நாட்டுக்கு வந்தபொழுது, வேதாஜி போரிட முனையவில்லை; கோட்டைத் திறவுகோல்களை அவரிடம் ஒப்புவித்தார். தந்தையின் காலத்தில் அமைந்த உரிமை மகனின் காலத்திலும் அழியாது நின்றது.

அக்குடும்பத்தினர் மத்துவ நெறியினர். உத்தராதி மடத்தின் அடியார்கள். அம்மடத்துத் தலைவர் சத்தியவிஜய தீர்த்தரின் பிருந்தாவனம் ஆரணியை அடுத்து அமைந்தது. அவர் பெயராலேயே அவ்விடம் சத்தியவிஜயநகரம் என வழங்குகிறது. ஜாகீர்தாரின் அரண்மனையும் அங்கேயே எழுந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆரணிக்குச் சோதனைக் காலம். 1751-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, ராபர்ட் கிளைவ் மராட்டியக் குதிரைப் படையின் துணையுடன் ரஜா சாகிபையும் பிரெஞ்சுக்காரரையும் ஆரணியருகே முறியடித்தார். ரஜா சாகிப் கோட்டையில் விட்டுச் சென்ற பொருள்களைத் தரும்படி கிளைவ் கேட்டார். கோட்டைத் தலைவர் ஒரு யானையையும் சில குதிரைகளையும் அனுப்பினார். நவாபு முகமது அலிக்கு உண்மையாக இருப்பதாக உறுதியும் கூறினார். கோட்டையை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். மதிலை இடிக்கும் பீரங்கிகள் கிளைவிடம் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்! பின்னர் 1782 ஜூன் 2 அன்று ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் இங்கே பொருதனர். புயலில் நாணல் வளைவதுபோல் வளைந்து, வேரை விடாது காத்ததே இந்த ஜாகீரின் வரலாறு எனலாம்.

போர்கள் ஓய்ந்தன. வாளுக்கு வேலை இல்லாத காலத்தில் செல்வர்களின் மனம் கட்டடக் கலையின்பால் சென்றது. ஆரணிக்குச் சில கல் தொலைவில், பூசிமலைக்குப்பம் என்னும் சிற்றூரின் அருகே, காட்டையும் ஏரியையும் நோக்கி ஒரு மாளிகை எழுந்தது. அதனைக் கட்டியவர் ஜாகீர்தார் திருமலை ராவ் சாகிப். கூரிய வளைவுகளும் சிறு கோபுரங்களும் கொண்டு, ஐரோப்பியச் சீமான்களின் நாட்டுப்புற இல்லம் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாற்போல் அது அமைந்தது. பலகணிகளை அணிசெய்த கண்ணாடிகளால் மக்கள் அதனைக் கண்ணாடி மாளிகை என்றழைத்தனர். பிரெஞ்சுப் பெண்மணி ஒருத்தியின் பொருட்டு அது கட்டப்பட்டதாக ஊரார் கதை சொல்வர். கதை மெய்யோ பொய்யோ, கேட்பவர் மனத்தில் அது எளிதில் இடம்பிடித்துக்கொள்கிறது.

அம்மாளிகையை நான் காணச் சென்றபொழுது முதிய நெசவாளர் ஒருவர் உடன் வந்தார். கண்ணாடி என்பது பெயரளவில்தான் எஞ்சியிருந்தது. பலகணிகள் வெறுந் துளைகளாய் விழித்தன. சுவர்ப் பிளவுகளில் ஆலும் அரசும் வேரோடியிருந்தன. தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலவில்லை.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மாளிகையைத் தாங்கியவை அதன் தூண்கள் அல்ல. நூற்றுக்கணக்கான உழவர்களின் வரிப்பணமே அதனைத் தாங்கியது. 1948-ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டம் உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே நின்றவர்களை அகற்றியது. அது நீதியே. ஆனால் ஊற்று நின்றபின் குளம் வற்றாதிருக்குமோ? வருவாய் போனது, காவலும் போனது.

இதனை நான் சொன்னபொழுது உடன் வந்த முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “ஐயா, எங்கள் பாட்டன்மார் இந்த வாசலுக்குள் நுழைந்தவர்கள் அல்லர். ஆனாலும் இடிவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இதிலே கல் சுமந்தவர்களும் எங்கள் ஊரார்தாமே!” என்றார்.

அவர் சொல் என் எண்ணத்தைத் திருத்தியது. மாளிகை கட்டியவனுடையது என்று மட்டுமே நான் கருதியிருந்தேன். அதில் சுண்ணாம்பு அரைத்தவர்க்கும் மரம் இழைத்தவர்க்கும் பங்கு உண்டு என்பதை அவரே உணர்த்தினார். ஜாகீர் மறைந்தது பற்றி வருந்த வேண்டியதில்லை; அதைக் காரணமாகக் கொண்டு அக்கைவினையையும் மறையவிடுவது முறையன்று.

ஆரணியின் தறி ஓசை மட்டும் இன்னும் ஓயவில்லை. ஒருகாலத்தில் நேரிய மல் துணிக்குப் பெயர்பெற்றிருந்த அவ்வூர், பின்பு பட்டால் புகழ் எய்தி, புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. மானியத்தால் வாழ்ந்த மாளிகை சாய்ந்தது. உழைப்பால் வாழும் குடில் நிற்கிறது. எனினும் விசைத்தறியின் போட்டியில் கைத்தறியும் தளர்ந்து வருகிறது. ஒன்றைக் காவாது இழந்த நாம், மற்றொன்றையும் அவ்வாறே இழந்துவிடலாகாது. பட்டு வாங்க ஆரணிக்குச் செல்வோர் ஒரு நாழிகை ஒதுக்கி, பூசிமலைக்குப்பத்தையும் கண்டு வருவார்களாக.