இழுவைக்குப் பொறுக்கிய மாடுகள்

தென்னிந்தியாவில் மாடுகளைப் பொறுக்கியெடுத்து இனத்தைக் கூட்டும் வேலையைப் பெரிய அளவில் நடத்தியவை படைகள். பாலும் இறைச்சியும் அங்கே கணக்கில் இல்லை. பீரங்கியை இழுக்கும் எருதுதான் தேவை. அந்தத் தேவை எவ்வளவு கடுமையானது என்பதைக் காஞ்சிபுரம் நேரில் கண்டது. 1780 செப்டம்பர் 10 அன்று நகருக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் நொறுக்கினர். பெரும்படையோடு காஞ்சிபுரத்தில் நின்ற சர் ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். அவருக்குப் பின் படைத்தலைமை ஏற்ற சர் அயர் கூட்டும் இழுவை எருதும் தானியமும் கிடைக்காமல் தவித்தார்.

எதிர்த்தரப்புக்கு அந்தக் குறை இல்லை. மைசூர் உடையார்கள் தங்கள் காலத்திலேயே அரண்மனை மந்தைகளை ஏற்படுத்தி, அவற்றுக்கென்று ‘காவல்’ எனப்படும் மேய்ச்சல் நிலங்களை ஒதுக்கியிருந்தார்கள். ஹைதர் அந்த மந்தைகளைப் படைக்குத் திருப்பினார். திப்பு அவற்றுக்கு அமிர்த மகால் என்று பெயரிட்டார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மந்தைகள் ஆங்கிலேயர் கைக்கு வந்து, கவனிப்பாரின்றிச் சீரழிந்தன. 1813-இல் சென்னைப் படையின் கேப்டன் ஹார்வி பொறுப்பேற்ற பிறகே நிலை தேறியது. 1860-இல் செலவைக் குறைப்பதாகச் சொல்லி, சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் மந்தைகளை விற்கச் சொன்னார். பல தலைமுறையாகச் சேர்த்த இரத்தம் சில மாதங்களில் சிதறியது. தவறு புரிந்து 1866-இல் மீண்டும் தொடங்கினார்கள். செலவைக் குறைக்கப்போய் இழப்பைத் தேடிக்கொண்ட கதை இது.

அரசு கட்டியும் கலைத்தும் விளையாடிய இந்த வேலையைத் தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் நிதானமாகச் செய்தது. காங்கேயத்துக்கு அருகிலுள்ள பழையகோட்டைப் பட்டக்காரர்கள் வைத்திருந்த காங்கேய மந்தை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்திலேயே முதல்தரமானது என்று பெயர் பெற்றது. பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் அக்காலக் கால்நடை நூல்களில் தவறாமல் வரும்.

அந்த மந்தைக்கு அடித்தளம் கொறங்காடு. மழை குறைந்த செம்மண் பூமியில் கிளுவை வேலி கட்டிப் பிரித்த காடுகள் அவை. உள்ளே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரங்கள். புல்லும் வெள்வேலங்காயும் மாட்டுக்குத் தீனி. ஒரு காட்டை மேய்த்துவிட்டு அடுத்த காட்டுக்கு மாற்றுவதால் புல் அழியாது. கிளுவை முள்வேலிக்கு இன்னொரு பயனும் உண்டு: ஊர்க்காளை உள்ளே நுழையாது, மந்தைப் பசு வெளியே போகாது. எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்பது தெரியாத இடத்தில் தெரிவு என்பது வெறும் பேச்சு.

வேலையின் மையம் பூச்சிக்காளை, அதாவது பொலிகாளை. பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனுவதே அதிகம். காளைக்கோ ஒரே ஆண்டில் பல கன்றுகள் பிறக்கும். ஆகவே சிறு மந்தையைத் திருத்த நினைப்பவர் முதலில் காளையைத்தான் பார்க்க வேண்டும். திமில், கால், குளம்பு, கொம்பு, நடை, குணம் எல்லாவற்றையும் பார்த்துச் சில கன்றுகளை மட்டும் காளையாக நிறுத்துவார்கள். மற்றவற்றுக்குக் காயடித்து ஏருக்கும் வண்டிக்கும் விற்றுவிடுவார்கள். காங்கேயக் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதத்தில் மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக, மாறும். காளை முதிர முதிரத் திமிலும் முன்பின் சப்பைகளும் கறுக்கும். காயடித்தால் அந்தக் கறுப்பு வெளிறிவிடும். சிறு மந்தைக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு: ஒரே காளையை நெடுநாள் வைத்திருந்தால் அது தன் மகள்களையே கூடும். காளையை உரிய காலத்தில் மாற்றுவதுதான் இதற்கு வழி.

அரசுப் பண்ணைகளும் பின்னால் வந்தன. படைக்குதிரைகளுக்காக இருந்த ஓசூர்ப் பண்ணை கால்நடைப் பண்ணையாக மாறி, காங்கேய மாடுகளையும் வளர்த்தது. ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் 1936-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடை நூல் இவ்வினங்களைப் பற்றிய அடிப்படை ஆவணம்.

இறைச்சிக்கான தெரிவு இந்த மண்ணில் நடக்கவில்லை. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டையோ, காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ அவற்றுக்கு நிரந்தரமாக உதவாமல் போன மாட்டையோ மட்டுமே அறுக்க அனுமதிக்கிறது. இறைச்சிக்கென்று இளங்கன்றைப் பொறுக்கி வளர்க்க அதில் இடமில்லை. அந்த வேலை கடல் கடந்து நடந்தது. சென்னை மாகாணத்தின் ஓங்கோல் மாடுகள் பிரேசிலுக்குப் போய், நெல்லூரின் பெயரால் நெலோர் ஆயின. 1960-களின் தொடக்கத்தில் போன கர்வாடி என்ற காளை அங்கே வம்சத் தலைவன் ஆனது. சதை, எடை, வளர்ச்சி வேகம் என்ற வேறு அளவுகோல்களால் பொறுக்கப்பட்ட அந்த இனமே இன்று பிரேசிலின் இறைச்சி மந்தையில் பெரும்பங்கு.

இங்கே, எருது பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலையை மின்மோட்டார் ஓரங்கட்டியது. டிராக்டர் ஏரை ஓரங்கட்டியது. எருதுக்கு வேலை போனதும் காளையைப் பொறுக்கும் காரணமும் போயிற்று. பாலுக்காக ஜெர்சியும் அதன் கலப்பும் தொழுவத்துக்கு வந்தன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டம் நாட்டு இனங்கள் மீது மக்களின் கவனத்தைத் திருப்பியது உண்மைதான். ஆனால் வாடிவாசலுக்குத் தேவைப்படுவது காளை மட்டுமே. இனம் நிற்பதோ பசுவை வைத்திருப்பவரால்; காங்கேயப் பசு கறக்கும் கொஞ்சம் பாலை நம்பி அதை வளர்க்கும் விவசாயிக்கு இன்னும் சரியான வருமானம் கிடைக்கவில்லை.