நூலக அட்டைகள் வலைக்கு வந்த கதை

1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ராம் 'மார்க்' என்ற பதிவு முறையை உருவாக்கினார். நூலக அட்டைகள் கணினிக்குள் போயின. ஆனால் அந்த முறை நூலகங்களுக்குள்ளேயே புழங்கியது. வெளியில் உள்ள வலைச் சேவைகளுக்கு அது புரியாத மொழி.

2006இல் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு வழி சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வலை முகவரி கொடுக்க வேண்டும். அங்கே போனால் தகவல் கிடைக்க வேண்டும். அதிலிருந்து பிற முகவரிகளுக்கு இணைப்பும் இருக்க வேண்டும். இதுதான் இணைப்புத் தரவு. யாரும் எடுத்தாள உரிமம் தந்தால் அது திறந்த தரவு. ஓர் எழுத்தாளரின் பெயரைப் பத்து நாடுகள் பத்து விதமாக எழுதினாலும், முகவரிகளை இணைத்துவிட்டால் ஆள் ஒருவரே என்று கணினி அறிந்துகொள்ளும்.

2008இல் சுவீடனின் கூட்டு நூற்பட்டியலான லிப்ரிஸ் இப்படி வெளிவந்தது. அதே ஆண்டு காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளும் ஒரு சோதனைத் தளத்தில் வந்தன. டிசம்பரில் அந்தத் தளம் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோயின. 2009இல் நூலகமே தன் பெயரில் அவற்றை வெளியிட்டது.

முகவரி கொடுப்பது ஒரு நாள் வேலைதான். அதைப் பல தலைமுறைக்குக் காப்பாற்ற நூலகம் போன்ற நிலையான அமைப்பு வேண்டும்.