சுமங்கலித் திட்டம்

மணமாகாத இளம்பெண்களை ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, ஊதியத்தில் ஒரு பகுதியை நிறுத்திக்கொண்டு, கெடு முடிந்ததும் திருமணச் செலவுக்கென்று பெரும்பாலும் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய, தமிழ்நாட்டு நூற்பாலைகளின் ஆள்சேர்ப்பு முறை. ‘கேம்ப் கூலி’ என்றும் வழங்கும்.

பூர்வ சரித்திரம்: 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரின் சாந்தோமிலிருந்தும் டச்சுக்காரரின் பழவேற்காட்டிலிருந்தும் அடிமைகள் கப்பலேற்றப்பட்ட தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்தே, 19-ஆம் நூற்றாண்டில் மோரிஷஸுக்கும், 1860 முதல் நெட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் சென்றனர்; ஒப்பந்தக் கூலி ஆள்சேர்ப்பு முறையே 1917-ல் நிறுத்தப்பட்டது. அரசியல் சாசனத்தின் 23-ஆம் ஷரத்து நிர்ப்பந்த உழைப்பை விலக்கியது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் நிர்ப்பந்த உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது.

இயல்பு: பழைய கொத்தடிமை, முன்பணம் வாங்கிக் கடனாளியாகிக் கட்டுண்டவன்; 1990-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய இத்திட்டத்திலோ, தன் கூலியையே ஆலையிடம் விட்டுவைத்த பெண்தான் கடன் கொடுத்தவள், ஆயினும் கட்டுண்டவளும் அவளே. இடையில் விலகினால் தொகை கிட்டாது என்ற அச்சமும், விடுதியை விட்டு வெளியே செல்லத் தடையும் அவளை நிறுத்திவைத்தன. வறண்ட தென்மாவட்டங்களின் தலித் குடும்பங்களிலிருந்தே பலரையும் தரகர்கள் அழைத்துச் சென்றனர்.

தடுப்பு முயற்சிகள்: அயல்நாட்டு வணிகர்களின் தணிக்கை திருப்பூரின் தையற்கூடங்களோடு நின்றுவிட்டதால், அங்கே தைக்கப்பட்ட துணிக்கு நூல் தந்த ஆலை அவர்கள் கண்ணுக்குத் தப்பியது. நெதர்லாந்தின் சோமோ முதலிய ஆய்வு ஸ்தாபனங்கள் 2011-லும் 2014-லும் வெளியிட்ட அறிக்கைகள் இதை அம்பலப்படுத்தின. 2015-ல் பிரிட்டன் இயற்றிய நவீன அடிமைத்தனச் சட்டம், 3.6 கோடி பவுனும் அதற்கு மேலும் வரவுசெலவுள்ள நிறுவனங்களிடம் அடிமை உழைப்பு பற்றி ஆண்டறிக்கை கேட்டதேயன்றி, குறையைத் தீர்க்குமாறு கட்டளையிடவில்லை. நிர்ப்பந்த உழைப்பில் விளைந்த சரக்கையே விலக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2024-ல் நிறைவேறி, 2027 டிசம்பர் முதல் அமலாகும். இவற்றினிடையே 2022 ஏப்ரலில் ஏற்பட்ட திண்டுக்கல் உடன்படிக்கை தனித்தன்மை உடையது: பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் ஏற்றுமதி நிறுவனமும் அயல்நாட்டு வணிக நிறுவனங்களும் கையெழுத்திட்டதால், வாங்குவோரின் வாக்குறுதி, தொழிலாளர் சட்டபூர்வமாக வற்புறுத்தக்கூடிய கடமையாயிற்று. ஆடைத் தொழிற்சாலையோடு நூற்பாலையையும் அது தன் எல்லைக்குள் கொண்டுவந்தது.