பாட்டியின் பெயரும் பேரனின் ஞானஸ்நானமும்

நாகர்கோவிலை அடுத்த சபையொன்றில் நாம் ஊழியஞ் செய்த நாளில், இளந்தம்பதியர் இருவர் தங்கள் ஆண்குழந்தையின் ஞானஸ்நானத்தைக் குறித்துப் பேச வந்தனர். குழந்தை பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், தகப்பனைப் பெற்ற தாயாராகிய அன்னம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். அவர் நினைவாகவே பிள்ளைக்குப் பெயரிட வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். உடன் வந்த பெரியவர்களோ, ஆண்பிள்ளை தாத்தாவின் பெயரைத் தாங்குவதே முறை என்றும், பெண்ணின் பெயரை ஆணுக்கு இடுவது தங்கள் குடும்பத்தில் இல்லையென்றும் தடை சொன்னார்கள். இதற்கு விடை காண முயன்றபோது, நம் சபையின் சரித்திரத்தையும் வேதத்தையும் சேர்த்து ஆராய நேர்ந்தது.

பெயரன் என்னும் சொல்

பெரியவர்கள் சொன்னது வெறும் பிடிவாதமன்று. ‘பெயரன்’ என்பதே ‘பேரன்’ எனவும், ‘பெயர்த்தி’ என்பதே ‘பேத்தி’ எனவும் திரிந்தன. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். முன்னோர் பெயர் அற்றுப்போகலாகாது என்னும் கருத்து நம் மொழியிலேயே பதிந்திருக்கிறது. ஆனால் இவ்வழக்கில் பாட்டியின் பெயர் பேத்திக்கு மட்டுமே செல்லும். பேத்தி இல்லாத வீட்டில் பாட்டியின் பெயர் அவரோடு முடிந்துவிடுகிறது.

மிஷன் காலத்துப் பெயர்கள்

நம் சபையின் சரித்திரமோ, பெயரிடும் முறை மாறக்கூடியதென்று காட்டுகிறது. 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே ஐயரை மயிலாடி வரவேற்றது. அதற்கு வழி கோலிய மகாராசன், ஞானஸ்நானத்தில் வேதமாணிக்கம் எனப் பெயர் பெற்றவர். பழைய பெயரை விட்டுப் புதிய பெயரை ஏற்றது புதிய ஜீவனுக்கு அடையாளமாயிற்று. பின்னர் மீட் ஐயரும் மால்ட் ஐயரும் நாகர்கோவிலில் விடுதிப் பள்ளிகளை நடத்திய காலத்தில், ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பிய இங்கிலாந்து நன்கொடையாளர் தம் பெயரையோ தமக்குப் பிரியமானவர் பெயரையோ அப்பிள்ளைக்கு இடச் செய்வதுண்டு. மீட் ஐயர் 1850களின் தொடக்கத்தில் மணந்த உள்ளூர்ப் பெண்மணி, தேவவரம் என்பவரின் மகள். அவர் பெயரோ லோயிஸ் பிடல்ஃப்!

நன்கொடையாளருக்குப் பட்ட கடனைப் பெயரால் தீர்க்க அறிந்த நம் முன்னோர், வீட்டிலிருந்த பெண்களுக்குப் பட்ட கடனை எவ்வாறு தீர்த்தனர்? 1819இல் இங்கு வந்த மார்த்தாள் மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழியுமுன்பே, அடிமைப் பெண்கள் சிலர் அவ்வேலையின் கூலியால் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். உபதேசியார்களின் பெயர்களை நாம் ஜூபிலி மலர்களில் வரிசையாக அச்சிடுகிறோம். இப்பெண்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்லக்கூடும்?

வேதத்தின் பாட்டிமார்

ரூத்தின் புஸ்தகத்தில், இறந்தவனுடைய பெயர் அற்றுப்போகாதபடிக்கே போவாஸ் ரூத்தை மணந்தான். ஆயினும் பிள்ளை பிறந்தவுடன் அயல்வீட்டுப் பெண்கள் அவனை நகோமியின் பிள்ளை என்றே சொல்லி, ஓபேத் எனப் பெயரிட்டார்கள் (ரூத் 4:17). ஓபேத் என்றால் ஊழியஞ் செய்கிறவன். முதிர்வயதில் அவளை ஆதரிப்பான் என்பதே அவர்கள் கூறிய வாழ்த்து. ஒலியில் நகோமிக்கும் ஓபேத்துக்கும் யாதொரு ஒற்றுமையுமில்லை; பொருளினாலேயே பேரன் பாட்டிக்கு உரியவனானான். அவனே தாவீதின் பாட்டன். நம் ஆண்டவரின் வம்ச வரலாற்றிலும் இடம்பெற்றவன்.

தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும் பவுல், பாட்டி லோவிசாளையே முதலிற் குறிப்பிடுகிறார் (2 தீமோத்தேயு 1:5). நான்காம் நூற்றாண்டின் பேசில் அத்தியட்சர் தகப்பனின் பெயரைத் தாங்கியவர்; பாட்டி மக்ரீனாளின் பெயரோ அவருடைய சகோதரிக்குச் சென்றது. எனினும் தமக்கு விசுவாசத்தைப் போதித்தவர் அப்பாட்டியே என்று பேசில் தம் நிருபமொன்றில் அறிக்கையிடுகிறார். பெயர் ஒரு வழியாகவும், விசுவாசம் வேறொரு வழியாகவும் வந்தன.

அன்னம்மாளின் பேரன்

இவற்றை அக்குடும்பத்தாருக்கு எடுத்துக்கூறினோம். அன்னாள் என்னும் எபிரெயப் பெயருக்குக் கிருபை என்பது பொருள். அதே மூலச்சொல்லிலிருந்து பிறந்ததே, கர்த்தர் கிருபை செய்தார் எனப் பொருள்படும் யோவான். எலிசபெத்து அப்பெயரைச் சொன்னபோதும், உறவின் முறையாரில் ஒருவருக்கும் அப்பெயர் இல்லையென்று பந்துக்கள் தடுத்தார்கள் அல்லவா (லூக்கா 1:61)? அதுவரை வாய்திறவாதிருந்த தாத்தா, “யோவான் என்றே இருக்கட்டும் ஐயா” என்றார். ஞானஸ்நான ஆராதனையில் பெயரின் பொருளைச் சபைக்கு அறிவித்து, அன்னம்மாளின் ஜெபவாழ்வுக்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தோம்.

ஞானஸ்நானத்தின் ஆற்றல் நாம் இடும் பெயரைச் சார்ந்ததன்று. திரியேக தேவனின் நாமத்தைச் சார்ந்தது. முன்னோரைக் கனம்பண்ணுவது அவர்களை வணங்குவதுமன்று. இவ்விரண்டையும் தெளிவாகப் போதித்தபின், போதகர் இத்தகைய விருப்பத்தைத் தடுக்க வேண்டியதில்லை. சலோமேயின் பேரன் சாலொமோனாகலாம். இரண்டும் சமாதானத்தைக் குறிப்பவை. ஞானம்மாளின் பேரன் ஞானமணியாகலாம். அருளம்மாளின் பேரன் அருள்தாஸ் ஆகலாம்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோரின் பெயரை எழுதும்போது, இவ்வீட்டில் விசுவாசத்தை முதலில் ஏற்றவர் யார் என்றும் கேட்போமாக. நாஞ்சில் நாட்டு வீடுகள் பலவற்றில் அதற்கு விடை ஒரு பாட்டியின் பெயராகவே இருக்கும்.